சீரான இயக்கமும் சீரற்ற இயக்கமும் – சோழி வைத்து நிலாவை அளந்த கதை

நான் படிப்பது பி.காம். இயற்பியலோடு என் உறவு பத்தாம் வகுப்புடன் முடிந்துவிட்டது. ஆனாலும் அந்தப் புத்தகங்களில் இருந்த ஒரு பாடம் மட்டும் இன்னும் மனதில் நிற்கிறது. சீரான இயக்கம், சீரற்ற இயக்கம்.

மறந்தவர்களுக்காக ஒருமுறை. ஒரு பொருள் சம கால இடைவெளிகளில் சம தொலைவுகளைக் கடந்தால் அது சீரான இயக்கம். சம கால இடைவெளிகளில் வெவ்வேறு தொலைவுகளைக் கடந்தால் சீரற்ற இயக்கம். இரண்டு மதிப்பெண் கேள்வி. இரண்டு வரி எழுதி, கடிகார முள், பேருந்து என்று ஆளுக்கொரு உதாரணம் போட்டால் முழு மதிப்பெண்.

எங்கள் ஊர் உதாரணமே சொல்கிறேன். தருமபுரியிலிருந்து சேலம் சுமார் 65 கிலோமீட்டர். பேருந்து ஒன்றரை மணி நேரத்தில் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வகுத்தால் மணிக்கு 43 கிலோமீட்டர் சொச்சம். ஆனால் அந்த ஒன்றரை மணி நேரத்தில் ஸ்பீடாமீட்டர் முள் 43-ல் எவ்வளவு நேரம் நின்றிருக்கும்? பேருந்து நிலையத்தைவிட்டு வெளியே வரும்போது 10, நான்குவழிச் சாலையில் 80, தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஓட்டுநர் கியரைக் குறைத்துப் பிடித்துக்கொண்டு வரும்போது 30. சராசரி என்பது பயணம் முடிந்த பிறகு நாம் போடும் கணக்கு. வண்டிக்கு அதைப் பற்றி ஒன்றும் தெரியாது. இதே தொப்பூர் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறக்கும் லாரிகள் என்ன ஆகின்றன என்று எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அங்கே சீரற்ற இயக்கம் இரண்டு மதிப்பெண் விஷயம் இல்லை.

பேருந்துக்கு அடுத்து புத்தகம் நேராக முடுக்கத்துக்குப் போய்விடும், கூடவே கலிலியோ வருவார். கலிலியோ பெரிய மனிதர்தான். சாய்தளத்தில் பந்தை உருட்டி அவர் கண்டுபிடித்ததை 1638-ல் புத்தகமாக வெளியிட்டார். ஆனால் சீரற்ற இயக்கத்தை எண்களாக எழுதி வைத்த அட்டவணை ஒன்று அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பே நம் பக்கத்தில் புழங்கியது. இன்றைக்கும் அதன் ஒரு துண்டு ஒவ்வொரு தமிழ் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. மளிகைக் கடையிலும் நகைக் கடையிலும் இலவசமாகக் கொடுக்கும் தினசரி காலண்டரைத்தான் சொல்கிறேன்.

அதை ஒருமுறை புரட்டி, தமிழ் மாதங்களுக்கு எத்தனை நாள் என்று எண்ணிப் பாருங்கள். ஆனி 31 நாள் அல்லது 32 நாள். மார்கழி 29 அல்லது 30. ஆங்கில மாதங்களில் 30, 31 என்று வருவது ரோமாபுரியில் யாரோ வைத்த ஏற்பாடு, அதற்கு வானத்தில் காரணம் தேடிப் பிரயோஜனம் இல்லை. தமிழ் மாதம் அப்படி இல்லை. வானத்தைச் சுற்றியுள்ள 360 பாகையை 12 ராசியாகப் பிரித்தால் ஒன்றுக்கு 30 பாகை. சூரியன் ஒரு ராசிக்குள் நுழைந்து வெளியேறும் காலம் ஒரு மாதம். ஆக, தொலைவு எல்லா மாதமும் ஒன்றே, 30 பாகை. காலம் மட்டும் மாறுகிறது. சம தொலைவைக் கடக்க வெவ்வேறு கால அளவு! சீரற்ற இயக்கத்தின் இலக்கணம் இதுதானே?

சூரிய சித்தாந்த முறைப்படி கணக்கிட்ட பழைய அட்டவணையில் ஆனி மாதம் 31 நாள் 36 நாழிகை சொச்சம், மார்கழி 29 நாள் 20 நாழிகை சொச்சம். (ஒரு நாழிகை 24 நிமிடம், 60 நாழிகை ஒரு நாள்.) வகுத்துப் பார்த்தால் ஆனியில் சூரியன் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 57 கலை நகர்கிறது, மார்கழியில் 61 கலை. 60 கலை ஒரு பாகை. சித்திரை முதல் புரட்டாசி வரை ஆறு மாதத்தைக் கூட்டினால் 186 நாள் 54 நாழிகை வருகிறது. ஐப்பசி முதல் பங்குனி வரை 178 நாள் 21 நாழிகை. ஒரே அளவு பாதைக்கு எட்டரை நாள் வித்தியாசம். இது ஏதோ தோராயமாகப் போட்ட கணக்கு அல்ல, விநாடி வரை பார்த்து எழுதியது. மொத்தம் கூட்டினால் 365 நாள் 15 நாழிகை 31 விநாடி. (இந்த விநாடி நாழிகையில் 60-ல் ஒரு பங்கு, நம் 24 செகண்டு.)

ஏன் இப்படி? உண்மையில் ஓடுவது நாம்தான், அதாவது பூமி. நம் பாதை சரியான வட்டம் இல்லை. ஜனவரி முதல் வாரத்தில், மார்கழி பாதி தாண்டியதும், சூரியனுக்கு மிக அருகில் வருகிறோம். அப்போது வேகம் விநாடிக்கு 30.3 கிலோமீட்டர். ஜூலை முதல் வாரத்தில் மிகத் தொலைவில் இருக்கிறோம், வேகம் 29.3. இதை விதியாகச் சொன்னவர் கெப்ளர், 1609-ல். மார்கழிக் குளிரில் சூரியன் கிட்டத்தில் இருக்கிறது என்றால் நம்ப மாட்டீர்கள், ஆனால் அதுதான் உண்மை. குளிருக்குக் காரணம் பூமியின் சாய்வு, தூரம் அல்ல.

நம் பழைய கணிதர்களுக்கு நீள்வட்டம் தெரியாது. ஆனால் வேகம் கூடிக் குறைகிறது என்பது தெரியும். அவர்கள் செய்தது எங்கள் காமர்ஸ் ஆட்களுக்குச் சட்டென்று புரியும். முதலில் சூரியனோ சந்திரனோ சீராக நகர்வதாக வைத்துக்கொண்டு ஒரு கணக்கு. அதற்கு 'மத்தியமம்' என்று பெயர். பிறகு எங்கே வேகம், எங்கே மந்தம் என்று பார்த்து ஒரு திருத்தம் கூட்டியோ கழித்தோ உண்மையான இடத்துக்கு வருவது. அது 'ஸ்புடம்'. முதலில் இருப்பாய்வு, பிறகு சரிக்கட்டுப் பதிவு, கடைசியில் இறுதிக் கணக்கு! தேய்மானத்தில் நேர்க்கோட்டு முறை, குறைந்து செல் மதிப்பு முறை என்று படிக்கிறோமே, அதுவும் கிட்டத்தட்ட இதே ஜாதிதான். வருடா வருடம் ஒரே தொகை குறைந்தால் சீரான இயக்கம், மாறி மாறிக் குறைந்தால் சீரற்ற இயக்கம்.

1150-ல் சித்தாந்த சிரோமணி எழுதிய இரண்டாம் பாஸ்கரர் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரு நாளின் வேகம் வேறு, அந்தக் கணத்தின் வேகம் வேறு என்று பிரித்துச் சொன்னார். 'தாத்காலிக கதி' என்று அதற்குப் பெயர். ஸ்பீடாமீட்டர் முள் காட்டுவது அதுதான்.

சூரியன் விஷயம் இவ்வளவுதான். உண்மையான தலைவலி நிலா. சூரியனின் வேகத்தில் ஏற்ற இறக்கம் நான்கு கலைதான். நிலாவோ ஒரு நாள் 12 பாகை போகும், இன்னொரு நாள் 15 பாகை போகும். நீங்களே சோதித்துப் பார்க்கலாம். இன்று இரவு எட்டு மணிக்கு நிலா எந்த நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று குறித்துக்கொண்டு, நாளை அதே எட்டு மணிக்கு அந்த நட்சத்திரத்திலிருந்து எவ்வளவு தள்ளிப் போயிருக்கிறது என்று பாருங்கள். கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை. இந்தக் கணக்கு தப்பினால் கிரகணம் தப்பும், திதி தப்பும், அமாவாசை தப்பும்.

இதற்குத் தென்னிந்தியர்கள் கண்ட வழிதான் 'வாக்கியம்'. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயர் இதிலிருந்து வந்ததுதான். நிலா மிக மெதுவாகப் போகும் ஒரு நாளிலிருந்து ஆரம்பித்து, 248 நாட்களுக்கு ஒவ்வொரு நாளும் நிலா மொத்தம் எவ்வளவு தூரம் வந்திருக்கும் என்பதை ஒரு சிறு சொற்றொடராக ஆக்கி வைத்தார்கள். எழுத்துக்கு ஒரு எண் என்ற கடபயாதி முறை. க, ட, ப, ய இந்த நான்குக்கும் எண் 1, அப்படியே வரிசையாகப் போகும். மொத்தம் 248 வாக்கியங்கள், வரருசி இயற்றியதாக மரபு. சொற்களை மனப்பாடம் செய்துவிட்டால் நிலாவின் அட்டவணை முழுவதும் தலைக்குள்.

ஏன் 248? நிலா மெதுவாகிப் பிறகு வேகம் கூடி மறுபடி மெதுவாக 27.5545 நாள் ஆகிறது. இதை 9-ஆல் பெருக்குங்கள். 247.99! ஏறக்குறைய முழு எண். ஆகவே 248 நாள் கழித்து மறுபடி முதல் வாக்கியத்திலிருந்து தொடங்கலாம்.

அந்த எண்களைப் பாருங்கள். முதல் நாள் முடிவில் 12 பாகை 3 கலை. இரண்டாம் நாள் முடிவில் 24 பாகை 9 கலை. மூன்றாம் நாள் 36 பாகை 22 கலை. கழித்துப் பார்த்தால் முதல் நாள் 12.03, இரண்டாம் நாள் 12.06, மூன்றாம் நாள் 12.13 (புள்ளிக்குப் பின்னால் இருப்பது கலை). சீராகப் போயிருந்தால் மூன்று நாளும் 13 பாகை 10 கலை என்று ஒரே எண் வந்திருக்கும். இங்கே மெல்ல மெல்ல வேகம் பிடிப்பது தெரிகிறது. பள்ளியில் நாம் போட்ட தொலைவு-கால அட்டவணை இதேதான். 248-ம் நாள் முடிவில் ஒன்பது முழுச் சுற்றுக்கு மேல் 27 பாகை 44 கலை. சராசரி வேகத்தை 248-ஆல் பெருக்கினாலும் அதே விடை. கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தபோது எனக்கு ஒரு மாதிரி சிலிர்த்துவிட்டது.

இனி சோழிக்கு வருவோம்.

லெ ஜென்டில் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1760-ல் புதுச்சேரிக்குப் புறப்பட்டார். 1761 ஜூன் 6 அன்று வெள்ளி கிரகம் சூரியனுக்குக் குறுக்கே கடப்பதைப் பார்த்து அளப்பது வேலை. அவர் வந்து சேர்வதற்குள் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்துவிட்டார்கள். கடலில் ஆடும் கப்பலில் இருந்தபடி வெள்ளியைப் பார்த்தார், அளக்க முடியவில்லை. அடுத்தது 1769-ல். எட்டு வருடம் காத்திருந்தார். அன்று காலை புதுச்சேரியில் மேகம்! ஊர் திரும்பியபோது அவர் செத்துவிட்டதாக நினைத்து வாரிசுகள் சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். பாவப்பட்ட மனிதர்.

ஆனால் புதுச்சேரியில் இருந்த காலத்தை அவர் வீணாக்கவில்லை. தமிழர்கள் கிரகணம் கணிக்கும் முறையைக் கற்றுக்கொண்டார். காகிதம் இல்லை, பேனா இல்லை, தரையில் சோழிகளை நகர்த்தி நகர்த்திக் கணக்கு. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்ற கணக்கில் தமிழ் முறை 41 விநாடி குறைவாகக் காட்டியது. ஐரோப்பாவில் அன்று மிகச் சிறந்தது என்று பெயர் பெற்றிருந்த டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி கூடுதலாகக் காட்டியது.

இந்த 41 விநாடிக் கதையை வாட்ஸப்பில் பார்த்திருப்பீர்கள், பெருமை பொங்க. அதோடு நிறுத்திவிடுவார்கள். அடுத்த கதையை யாரும் பார்வர்டு செய்வதில்லை.

ஜான் வாரன் என்று ஒருவர். அயர்லாந்து வழி வந்த பிரெஞ்சுக் குடும்பம், ஆங்கிலேயப் படையில் வேலை. எங்களுக்குப் பக்கத்திலுள்ள கோலாரில் தங்கம் இருப்பதை 1802-ல் ஆராய்ந்து சொன்னவரும் இவர்தான். பிறகு 1805 முதல் 1811 வரை நுங்கம்பாக்கம் வானாய்வு நிலையத்தைப் பார்த்துக்கொண்டார். தென்னிந்தியர் காலம் கணிக்கும் முறைகளைத் தொகுத்து 'கால சங்கலித' என்று ஒரு தடித்த புத்தகம் 1825-ல் சென்னையில் வெளியிட்டார். அதில் புதுச்சேரியில் வாழ்ந்த ஒரு பஞ்சாங்கக்காரரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆங்கில எழுத்தில் அவர் பெயரை 'சாமி நாடன் சசியா' என்பதுபோல எழுதி வைத்திருக்கிறார். சாமிநாத சேஷய்யாவாக இருக்கும் என்பது என் ஊகம்.

1825 மே 31 இரவு தொடங்கும் சந்திர கிரகணத்தை இந்தப் பஞ்சாங்கக்காரர் வாரன் முன்னால் கணித்துக் காட்டினார். தரையில் சோழி, தலைக்குள் வாக்கியங்கள். ஒரு எண்ணைக்கூட எழுதவில்லை. விடை? கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம் மட்டுமே. நடுப்பகுதியில் 23 நிமிடம். முடிவில் 52 நிமிடம். 41 விநாடி எங்கே, 52 நிமிடம் எங்கே! லெ ஜென்டில் பார்த்தது ஒரு கிரகணத்தின் நீடிப்பு நேரம் மட்டும், அது நன்றாக அமைந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நேர்மை என்று எனக்குப் படுகிறது.

ஆனால் வாரன் சொன்னதில் என்னை உலுக்கியது பிழை அல்ல. அந்தப் பஞ்சாங்கக்காரருக்குத் தான் செய்யும் கணக்கின் பின்னால் இருக்கும் தத்துவம் ஒன்றும் தெரியாது என்று வாரன் எழுதுகிறார். ஏன் இந்த எண்ணைக் கூட்டுகிறோம், ஏன் இதைக் கழிக்கிறோம் என்று கேட்டால் பதில் இல்லை. அபாரமான ஞாபக சக்தி, படிப்படியான ஒழுங்கு, அவ்வளவுதான். ஃபார்முலா தெரியும், நிரூபணம் தெரியாது. பரீட்சைக்கு முதல் நாள் இரவு நம் விடுதி எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் அவரைக் குறை சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒரு வித்தியாசம், நாம் பரீட்சை முடிந்த மறுநாள் மறந்துவிடுவோம். அவர் தலைமுறைக் கணக்கில் மறக்காமல் காப்பாற்றினார்.

அதன் மதிப்பு நூறு வருடம் கழித்துத்தான் தெரிந்தது. பழைய கணித வரலாற்றை ஆராய்ந்த நாய்கபவர் என்ற அறிஞர் 1952-ல் 'தமிழ் வானியல்' என்றே தலைப்பிட்டு ஒரு கட்டுரை எழுதினார். பாபிலோனியக் களிமண் பலகைகளிலும், கிரேக்க பாப்பிரஸ் சுருளிலும், ஆறாம் நூற்றாண்டு வராகமிகிரர் நூலிலும் உள்ள அதே 248 நாள் கணக்கு புதுச்சேரித் தரையில் சோழியாக உயிரோடு இருந்தது என்று காட்டினார். ஏறக்குறைய இரண்டாயிரம் வருடத் தொடர்ச்சி. பாபிலோனியர்கள் போய்விட்டார்கள், அவர்கள் எழுத்தைப் படிக்கவும் ஆள் இல்லாமல் போனது, கணக்கு மட்டும் இங்கே நடந்துகொண்டிருந்தது. "அப்படியானால் அது நம்முடையது இல்லையா?" என்று சிலர் கோபப்படலாம். வாக்கியமாக ஆக்கியது, சோழியில் போட்டது, காப்பாற்றியது எல்லாம் நம்முடையது. போதாதா?

மனப்பாடம் காப்பாற்றும், சரிதான். ஆனால் திருத்துமா? இங்கேதான் சிக்கல். அட்டவணையில் ஒரு சிறு பிழை இருந்தாலும் சுற்றுக்குச் சுற்று அது கூடிக்கொண்டே போகும், கூட்டு வட்டி மாதிரி இல்லாவிட்டாலும் தனி வட்டி மாதிரியாவது. காரணம் தெரிந்தவன் வானத்தைப் பார்த்து எண்ணை மாற்றுவான். காரணம் தெரியாதவன் எதைத் தொடுவது என்று தெரியாமல் அப்படியே வைத்திருப்பான்.

இந்த மரபில் திருத்தவே ஆள் இல்லை என்று நினைக்க வேண்டாம். மலையாள தேசத்தில் பரமேஸ்வரர் என்பவர் ஐம்பது வருடத்துக்கு மேல் கிரகணங்களைக் கண்ணால் பார்த்து, பழைய எண்களைத் திருத்தி 1431-ல் 'திருக்கணிதம்' என்று புது முறை வகுத்தார். 'த்ருக்' என்றால் பார்வை. பார்த்துப் போட்ட கணக்கு. தமிழ்ப் பக்கம் 13-ம் நூற்றாண்டு வாக்கில் எழுந்த 'வாக்ய கரணம்' என்ற நூலே பஞ்சாங்கத்துக்கு ஆதாரமாக நின்றது.

நம் ஊரில் அதைத் திருத்தக் கிளம்பியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. அதே நுங்கம்பாக்கம் வானாய்வு நிலையத்தில் உதவியாளர். பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பப் பின்னணியும் தொலைநோக்கி அனுபவமும் ஒருங்கே வாய்த்த அபூர்வ மனிதர். 1867-ல் ஒளி மாறும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி மறுபடி சூரியனைக் கடக்கப் போகிறது என்றபோது (லெ ஜென்டிலை ஏமாற்றிய அதே நிகழ்ச்சி, 105 வருடம் கழித்து) சாதாரண மக்களுக்குப் புரிய வேண்டும் என்று ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் சிறு நூல் வெளியிட்டார். வானத்தில் தெரிவதும் பஞ்சாங்கத்தில் இருப்பதும் ஒத்துப்போக வேண்டும் என்று வாதாடினார், தாமே திருக்கணித பஞ்சாங்கம் போட்டார். பழைய பஞ்சாங்கக்காரர்கள் எதிர்த்தார்கள். 1880-ல் இறந்துபோனார். பள்ளிப் புத்தகத்தில் இவரைப் பற்றி நான் ஒரு வரி படித்ததில்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு 1952-ல் மேக்நாத் சாஹா தலைமையில் மத்திய அரசு ஒரு காலண்டர் சீர்திருத்தக் குழு போட்டது. 1957 மார்ச் 22 முதல் தேசிய காலண்டர் என்று ஒன்று வந்தது. அரசிதழிலும் வானொலியிலும் அந்தத் தேதியைச் சொல்வார்கள். வீட்டில் யாரும் பார்ப்பதில்லை.

வாக்கியமா திருக்கணிதமா என்ற சண்டை மட்டும் முடியவில்லை. சனிப்பெயர்ச்சியில் பளிச்சென்று தெரியும். திருக்கணிதப்படி சனி கும்ப ராசிக்குள் நுழைந்தது 2023 ஜனவரி 17. வாக்கியப்படி 2023 டிசம்பர் 20, திருநள்ளாற்றில் கூட்டம் கூடியது அன்றைக்குத்தான். பதினொரு மாத வித்தியாசம்! ஒரே சனி, ஒரே வானம். சனி ஒரு ராசியைக் கடக்க சராசரியாக இரண்டரை வருடம், அதாவது வருடத்துக்கு 12 பாகை. அந்த 12 பாகையையும் சீராகக் கடக்காது. சில மாதம் முன்னால் போகும், சில மாதம் பின்னால் வருவதுபோலத் தெரியும் (வக்கிரம் என்பார்கள்). இப்படிப்பட்ட ஓட்டத்தைப் பழைய எண்களை வைத்துத் துரத்தினால் வித்தியாசம் சேரத்தான் செய்யும். திருக்கணிதப்படி பார்த்தால், டிசம்பர் 20 அன்று சனி கும்பத்துக்குள் ஏற்கெனவே சுமார் 8 பாகை வந்துவிட்டிருந்தது. முன்பு சொன்ன முஷ்டிக் கணக்கில் கிட்டத்தட்ட ஒரு முஷ்டி.

ஜோதிடம் பலிக்குமா பலிக்காதா என்ற பேச்சுக்குள் நான் போகவில்லை, அது வேறு வழக்கு. சனி எங்கே இருக்கிறது என்பதை மட்டும்தான் கேட்கிறேன். அதற்கு மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்துப் பதில் சொல்ல முடியும். கடைத்தெருவில் இரண்டு பஞ்சாங்கமும் ஒரே கயிற்றில் பக்கத்துப் பக்கத்தில் தொங்குகின்றன. வாங்குகிறவர்கள் அப்பா எது வாங்கினாரோ அதையே கேட்டு வாங்கிப் போகிறார்கள்.